ஆள் பிழை, நாள் சரி

'இந்நாளில்' பத்தியைத் தயாரிக்க இப்போது இரண்டு நிமிடம் போதும். தேதியைத் தட்டினால் முந்தைய ஆண்டுகளில் அதே நாளில் உலகத்தில் நடந்ததெல்லாம் கணினித் திரையில் வந்து விழுகிறது. அதில் ஐந்தைப் பொறுக்கி, தமிழாக்கி, பக்கத்தில் வைத்துவிட்டுப் பிள்ளைகள் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள். போன மாதம் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான் அந்தப் பத்தியைச் செய்த காலத்தில் அதற்கு அரை நாள் போகும். அந்த அரை நாளுக்குள்ளும் பிழை வந்தது. அந்தப் பிழையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

கோப்பாயிலிருந்து சைக்கிளில் யாழ்ப்பாணம் நகருக்குப் போய், ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக வேலை பார்த்தேன். முதல் இரண்டு வருடம் பிழை திருத்தினேன். அதன் பிறகு அந்தப் பத்தியை என் கையில் தந்தார்கள். முன்பு அதைச் செய்தவர் கனடாவுக்குப் போய்விட்டார். அவர் விட்டுப்போனது தகரத்தால் செய்த ஒரு அலுமாரி. அதில் வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டு அட்டை இருந்தது. ஒரு நிகழ்ச்சிக்கு ஓர் அட்டை. முன்பக்கத்தில் நிகழ்ச்சி, பின்பக்கத்தில் அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற விவரம்.

எங்கள் செய்தி ஆசிரியர் அருளப்பு. குருநகர்க்காரர். நாங்கள் சேர் என்று கூப்பிடுவோம். மெலிந்த, உயரமான மனிதர். வெள்ளைச் சேட்டின் பையில் சிவப்புப் பென்சில் ஒன்று எப்போதும் இருக்கும். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்கு அடுத்த நாளுக்கான அட்டைகளை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்கு முன்னால் போய் நிற்கவேண்டும். அவர் கண்ணை மூடிக்கொள்வார். நான் வாசிக்கவேண்டும். ஆண்டை முழுதாகச் சொல்லக்கூடாது, இலக்கம் இலக்கமாகச் சொல்லவேண்டும். "ஒண்டு, ஒன்பது, ஆறு, நாலு" என்று. பிறகு அட்டையைத் திருப்பி மூலங்களை வாசிக்கவேண்டும். ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு மூலம் இருக்கவேண்டும். இருந்தால் கண்ணைத் திறந்து அட்டையின் மூலையில் சிவப்பால் ஒரு கீறு போடுவார். இல்லையென்றால் அட்டை திரும்ப அலுமாரிக்குப் போகும்.

"சுமார்" என்ற சொல் அவருக்கு ஆகாது. "ஏறத்தாழ" அதைவிட ஆகாது.

மனிதன் சந்திரனில் இறங்கிய நாளை நான் முதல் வருடம் ஜூலை இருபதில் வைத்திருந்தேன். எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. சேர் கண்ணை மூடியபடியே கேட்டார்.

"அது அமெரிக்காவிலை இருபது. அந்த நேரம் எங்கடை முற்றத்திலை என்ன தேதி, பிள்ளை?"

கணக்குப் பார்த்தேன். எங்களுக்கு அப்போது விடியப்புறம். தேதி இருபத்தொன்று.

"அப்ப இருபத்தொண்டிலை போடு. இந்தப் பேப்பரை வாசிக்கிறது எங்கடை சனம்."

எண்பத்தொன்றில் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை மே முப்பத்தொன்றில் போடுவதா ஜூன் ஒன்றில் போடுவதா என்று அவர் மூன்று நாள் யோசித்தார். முதல் நெருப்பைக் கண்டவர்கள் நகரத்தில் இன்னும் இருந்தார்கள். அவர்களைத் தேடிப் போய்க் கேட்டுவிட்டு வந்துதான் கீறுபோட்டார். ஒரு தேதியில் விடுகிற பிழை மற்றப் பிழைகளைப் போல் இல்லை என்பார். மற்றப் பிழை பழைய பேப்பரோடு கடைக்குப் போய்க் கச்சான் சுற்றுகிற சுருளாகிவிடும். தேதிப் பிழை அடுத்த வருடம் அதே நாளில் எழும்பி வந்து நிற்கும்.

ஒரு கார்த்திகை மாதம், அந்த நாளுக்கான கட்டை எடுத்தபோது ஓர் உள்ளூர் அட்டை இருந்தது. எனக்கு முன்பு இருந்தவரின் கையெழுத்து. "1995: கணித நூலாசிரியர் உரும்பிராய் க. தம்பிராசா காலமானார்." அவருடைய கணக்குப் புத்தகத்தைப் படிக்காமல் எங்கள் காலத்தில் ஒருவரும் பத்தாம் வகுப்புத் தாண்டியதில்லை. நானும் அதில் அழுதழுது படித்தவள். அட்டையின் பின்பக்கத்தில் இரண்டு மூலம் இருந்தது. ஒன்று, அவருடைய முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு வீட்டார் அச்சடித்துக் கொடுத்த நினைவுப் புத்தகம். கல்வெட்டு என்று நாங்கள் சொல்வது. மற்றது, கொழும்பில் அவருடைய பழைய மாணவர்கள் வெளியிட்ட மலர். மூலையில் சேரின் சிவப்புக் கீறும் பழையதாய் இருந்தது; இடமில்லாமல் அதுவரை பத்தியில் வராத அட்டை. நாலு மணிக்கு வாசித்தேன். சேர் தலையாட்டினார். அடுத்த நாள் பத்தியில் வந்தது.

அன்று மத்தியானம் வாசல் காவலாளி மேலே ஏறி வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"தங்கச்சி, கீழை ஒராள் வந்து நிக்கிறார். தான் செத்ததைப் பற்றிக் கதைக்க வேணுமாம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வந்தவரை மேலே அனுப்பச் சொன்னேன்.

வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சேட்டு, கையில் குடை. கணக்குப் புத்தகத்தின் பின் அட்டையில் இருந்த படத்தை நான் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அதே காது, அதே நெற்றி. பட்டப்பகல். அச்சுக்கூடத்து இயந்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர் கதிரையை மெல்ல இழுத்து உட்கார்ந்தார்.

"பயப்பிடாதை பிள்ளை. நான் சண்டைக்கு வரேல்லை."

மடித்து வைத்திருந்த அன்றைய பேப்பரை மேசையில் விரித்தார். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். விடைத்தாள் திருத்துவது போலத் தன் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அதன்மேல் பிழைக்குரிய புள்ளடி இட்டார். பிறகு பத்தியின் தலைப்பில் இருந்த தேதிக்குப் பக்கத்தில் சரி போட்டார்.

"ஆள் பிழை," என்றார். "நாள் சரி."

சேரை வரச்சொன்னேன். அவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். தம்பிராசா மாஸ்டர் அவசரமில்லாமல், ஒரு கணக்கை ஒவ்வொரு படியாகச் செய்து காட்டுவதுபோல் சொன்னார்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் முன்னேறி வர, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது அவர்களும் தென்மராட்சிக்குப் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். வீட்டில் கட்டியிருந்த மாட்டைப் பார்க்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். சில நாளில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் தென்மராட்சிக்கு வந்து சேர்ந்துவிட்டார். மாடு கட்டியபடி நிற்கிறது என்றார். மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மழைக்கோட்டையும் போட்டுக்கொண்டு நடந்தார்.

"கோப்பாய் றோட்டிலை ஒரு ஈ காக்கை இல்லை. வீடெல்லாம் திறந்து கிடக்கு. ஒரு வீட்டிலை மணிக்கூடு அடிக்குது. மழை எண்டால் அப்பிடி ஒரு மழை. அப்பதான் எதிராலை ஒரு மனிசன் வந்தவர். வெறுங்கால், இடுப்பிலை சறம், மேலிலை ஒண்டும் இல்லை. நடுங்கிக் கொண்டு வாறார். ஐயா, அங்காலை போகாதையுங்கோ எண்டார். நான் மாட்டை அவிட்டுப்போட்டு உடனை வந்திடுவன் எண்டன். அவர் சிரிச்சார். எனக்குப் பாவமாய்க் கிடந்தது. கோட்டைக் கழட்டி அவரிட்டைக் குடுத்தன். போட்டுக் கொண்டு அவர் அந்தப் பக்கம் போறார், நான் இந்தப் பக்கம் போறன். போகேக்கை விசில் அடிச்சுக் கொண்டு போனவர். மழைக்குள்ளாலை அது கனநேரம் கேட்டுது. பேந்து செல் விழுந்து வெடிச்சுது. அதுக்குப் பிறகு கேக்கேல்லை."

கோட்டின் உள்பையில் மாஸ்டரின் அடையாள அட்டை இருந்தது.

அடுத்த நாள் காலை, தென்மராட்சிக்கு உழவு இயந்திரத்தில் ஏற்றி வரப்பட்ட உடலில் முகம் என்று ஒன்று இல்லை. கோட்டு இருந்தது, அட்டை இருந்தது. மாஸ்டரின் மகன் கொள்ளி வைத்தான். எட்டாம் நாள் கிரியை, அந்தியேட்டி எல்லாம் இடம்பெயர்ந்த இடத்திலேயே நடந்தன. ஊரே அல்லாடிக்கொண்டிருந்த நேரத்திலும் பழைய மாணவன் ஒருவன் எப்படியோ கல்வெட்டு அச்சடித்துக் கொடுத்தான்.

மாஸ்டர் உரும்பிராய்க்குப் போய்ச் சேர்ந்தபோது கயிறு அறுந்து கிடந்தது, மாட்டைக் காணவில்லை. திரும்பி வர வழியில்லை. சண்டை பாதையை மறித்துவிட்டது. அச்சுவேலிப் பக்கமாய் நடந்து, தொண்டைமானாற்றைக் கடந்து, வேறு சனத்தோடு சேர்ந்து வள்ளத்தில் வன்னிக்குப் போய், அங்கே மலேரியா வந்து மாதக்கணக்கில் கிடந்தார். சனம் திரும்பவும் வலிகாமத்துக்கு வந்த பிறகுதான் அவராலும் வரமுடிந்தது.

"படலை திறந்துதான் கிடந்தது. உள்ளை போனன். விறாந்தையிலை என்ரை படம். சந்தனப் பொட்டு, மாலை, முன்னாலை விளக்கு. விளக்கு எரிஞ்சு கொண்டிருந்தது. மனிசி அதுக்கு எண்ணெய் விட்டுக் கொண்டு நிண்டவ. திரும்பிப் பாத்தவ. கத்தேல்லை. எண்ணெய்ப் போத்தலை மெல்லக் கீழை வைச்சிட்டு உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்தினவ." பேனையை மூடிப் பையில் செருகினார். "அதுக்குப் பிறகு ஒரு மாசம் என்ரை முகத்தைப் பாத்துக் கதைக்கேல்லை. என்ரை கையைப் பாத்துத்தான் கதைப்பா. மகன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டவன். அப்பா, அப்ப நான் ஆரை எரிச்சனான்?"

"அந்த ஆளுக்கு என்ன வயசிருக்கும்?" என்று சேர் கேட்டார்.

"முப்பது, முப்பத்திரண்டு. சுமாராய்த்தான்."

சேர் அந்தச் 'சுமாரை' விட்டுவிட்டார். வேறொன்றும் கேட்கவுமில்லை. சிவப்புப் பென்சிலை மேசையில் உருட்டிக்கொண்டு இருந்தார்.

திருத்தம் போட்டு மன்னிப்புக் கேட்கிறோம் என்று நான் சொன்னேன். மாஸ்டர் கையை உயர்த்தினார்.

"என்ரை பேரை எடுங்கோ. ஆனால் அந்த வரியை எடுக்காதையுங்கோ. பேர் தெரியாத ஒருத்தர் எண்டு போடுங்கோ. அண்டைக்கு ஒரு மனிசன் செத்தவர். அதுக்கு நான் சாட்சி. ஒவ்வொரு கந்தோராய் ஏறி எழுதிக் குடுத்துப் பாத்திட்டன். எல்லா இடத்திலையும் முதல் கேள்வி, ஆளின்ரை பேர் என்ன? நான் கேக்கேல்லையே பிள்ளை. கோட்டைக் குடுத்தனான், பேரைக் கேக்கேல்லை."

சேர் நிமிர்ந்தார்.

"மாஸ்டர், நீங்கள் ஒராள்தான் சாட்சி. ஒரு சாட்சியோடை நான் போடமாட்டன். பேரும் இல்லை."

"அப்ப அவர் சாகேல்லையோ?"

"செத்தவர்தான். ஆனால் இந்தப் பத்தியிலை சாகேல்லை."

சேர் இவ்வளவு கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை. மாஸ்டருக்குக் கோபம் வரவில்லை. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மறுநாள் சிறு எழுத்தில் திருத்தம் போட்டோம். அட்டையின் குறுக்கே சேர் கோடு கீறினார். கிழிக்கவில்லை. கட்டின் அடியில் வைக்கச் சொன்னார். அன்று பின்னேரம் மாஸ்டர் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி நான் அந்த அட்டையோடு ஊசியால் குத்தி வைத்தேன்.

அடுத்த வருடம் அதே நாளில் மாஸ்டர் வந்தார். கீழே ஒரு பேப்பர் வாங்கி, நின்றபடியே பத்தியைப் பார்த்தார். மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். அதற்கு அடுத்த வருடமும் வந்தார். மேலே ஏறி வரமாட்டார். கதைக்கமாட்டார். நான் யன்னலால் பார்ப்பேன். ஒரு வருடம் திரும்பிப் பார்த்தபோது எனக்குப் பின்னால் சேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருமுறை என்னால் பொறுக்கமுடியவில்லை. இறங்கிப் போய், "இனி எங்கை மாஸ்டர் போறியள்?" என்று கேட்டேன்.

"தொண்டைமானாற்றுக்கு. வாறதெண்டால் வா."

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு பஸ்ஸில் கூடப்போனேன். சந்நிதி கோயிலுக்குப் பக்கத்தில் ஆறு கடலைத் தேடிப் போகிற இடம். காற்றே இல்லை. தண்ணீர் நகர்வதாகவும் தெரியவில்லை. மாஸ்டர் ஓர் ஐயரைப் பிடித்துக் கரையில் உட்கார்ந்தார். தர்ப்பையை விரலில் போட்டுவிட்டு ஐயர் கேட்டார்.

"பேர் சொல்லுங்கோ."

"தம்பிராசா."

"உங்கடை பேரில்லை. இறந்தவரின்ரை பேர்."

"தம்பிராசாதான்."

ஐயர் ஒருமுறை அவரையும் ஒருமுறை என்னையும் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். ஐயர் மந்திரத்தைத் தொடங்கினார். தம்பிராசா என்ற பெயர் மந்திரத்துக்குள் திரும்பத் திரும்ப வந்தது. உயிரோடு உட்கார்ந்திருந்த மனிதர் தன் பெயர் வருகிற ஒவ்வொரு தரமும் எள்ளும் தண்ணீரும் இறைத்தார். வெயில் சுட்டுக்கொண்டிருந்தது.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, "ஏன் மாஸ்டர் உங்கடை பேரைக் குடுக்கிறியள்?" என்று கேட்டேன்.

"அந்தப் பேரிலைதானே அவரை எரிச்சது? வேறை எந்தப் பேரிலை கூப்பிட்டால் அவருக்கு விளங்கும்?"

சுனாமி வந்தது. போர் முடிந்தது. அலுமாரியில் அட்டைகள் கூடின. சேர் ஓய்வு பெற்றுக் குருநகர் வீட்டோடு இருந்தார். புதிதாக வந்த செய்தி ஆசிரியருக்கு நாலு மணிக்குக் கேட்க நேரமில்லை. நான் தனியாக, வாய்க்குள்ளேயே வாசித்துக்கொள்வேன்.

ஒரு தை மாதம் மாஸ்டரின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அப்பா மோசம் போட்டார் அக்கா," என்றாள். பிறகு, நான் கேட்காமலே, "இந்த முறை உண்மையாய்," என்றாள்.

செத்தவீட்டுக்குப் போனேன். வெளிநாட்டிலிருந்து மகன் வந்திருந்தான். ஐம்பதை நெருங்கிய ஆள். முற்றத்தில் கிரியை முடிந்து பெட்டியை மூடப் போனார்கள். அவன் மறித்தான்.

"பொறுங்கோ. நான் முகத்தைப் பாக்கவேணும்."

"பாத்தனீதானே தம்பி," என்றார் ஒரு பெரியவர்.

"திரும்பப் பாக்கவேணும்."

குனிந்து பார்த்தான். தகப்பனின் நெற்றியை, காதை, மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பறைக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். சனம் எல்லாம் விலகி நின்றது. பிறகு நிமிர்ந்து, "ஓம், இது அப்பாதான். மூடுங்கோ," என்றான்.

அந்தக் கார்த்திகையில் அந்த நாள் வந்தபோது யன்னலால் பார்த்தேன். பேப்பர் வாங்க யாரும் வரவில்லை. தொண்டைமானாற்றில் அன்று அந்த மனிதனை எந்தப் பெயரிலும் யாரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். வீட்டுக்குப் போன பிறகும் அந்த நினைவு என்னை விடவில்லை.

எனக்கு ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. அந்தக் கடைசி வருடம் நான் செய்ததை நியாயப்படுத்த மாட்டேன். அந்த நாளுக்கான பத்தியின் முடிவில் ஒரு வரி சேர்த்தேன். "1995: வலிகாமம் இடப்பெயர்வின்போது கோப்பாய் வீதியில் பெயர் அறியப்படாத ஒருவர் செல் வீழ்ந்து உயிரிழந்தார்." பக்கத்தைச் சரிபார்த்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சாட்சி, அதுவும் இறந்துபோன சாட்சி. சேரின் மேசை இருந்த பக்கம் நான் அன்று திரும்பவேயில்லை.

காலை எட்டரைக்கு முதலாவது அழைப்பு வந்தது. சாவகச்சேரியிலிருந்து ஒரு பெண்.

"பேப்பரிலை போட்டிருக்கிற ஆள் சறமோ, காற்சட்டையோ?"

"சறம், அக்கா."

"என்ன நிறம்?"

"தெரியாது."

அவள் வைத்துவிட்டாள்.

அதை வைத்ததும் அடுத்தது. ஆள் உயரமோ, கட்டையோ. காதில் கடுக்கன் இருந்ததோ. கழுத்தில் சிலுவை போட்டிருந்தவரோ. பல் ஒன்று உடைந்திருந்ததோ. ஒருவர் ஏழாலையிலிருந்து, ஒருவர் பருத்தித்துறையிலிருந்து, ஒருத்தி ஜெர்மனியிலிருந்து. மத்தியானச் சாப்பாட்டுப் பொதியை நான் அவிழ்க்கவேயில்லை. ஊசி குத்தின தாளை முன்னால் வைத்துக்கொண்டு, மாஸ்டர் சொன்னது அவ்வளவையும் ஒவ்வொருவருக்கும் வாசித்தேன். வெறுங்கால். சறம். நடுக்கம். சிரிப்பு. விசில். எல்லோரும் மூச்சுப் பிடித்துக் கேட்டார்கள். ஒருவருக்கும் அது போதவில்லை. ஆனால் ஒருவரும், "இது எங்கடை ஆள் இல்லை" என்று சொல்லவுமில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பின்னேரம் ஒரு வயதான அம்மா கூப்பிட்டார். அவருடைய மகனுக்குப் பத்தொன்பது வயது. காணாமற்போனது கிளாலிப் பக்கம். அது வேறு வருடம், வேறு மாதம்.

"அம்மா, இது உங்கடை மகனாய் இருக்க ஏலாது," என்றேன், எவ்வளவு மெதுவாகச் சொல்லமுடியுமோ அவ்வளவு மெதுவாக.

"அது தெரியும் மகள். எனக்கு ஒரு நாள் இல்லை. திதி குடுக்க ஒரு நாள் இல்லை. வருசம் முழுக்க அவன் செத்துக் கொண்டே இருக்கிறான். அந்த நாளிலை ஏற்கெனவே ஒருத்தர் இருக்கிறார்தானே? என்ரை பிள்ளையையும் அண்டைக்கெண்டு வைச்சுக் கொள்ளட்டோ?"

தேதிகளைக் காப்பதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும்.

"ஓம் அம்மா," என்றேன்.

மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும்போது கடைசி அழைப்பு வந்தது. குரலைக் கேட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"பிள்ளை, எத்தினை சாட்சி?"

"ஒண்டுதான், சேர். அவரும் இப்ப இல்லை. மன்னியுங்கோ."

அவர் திட்டவில்லை.

"என்ரை தம்பி," என்றார். "தொண்ணூற்றைஞ்சிலை சனம் எல்லாம் வெளிக்கிடேக்கை வள்ளத்தை விட்டிட்டு வரமாட்டன் எண்டு கரையிலை நிண்டவன். பேந்து வெளிக்கிட்டதாய்ச் சொல்லுகினம். எண்டைக்கு எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. முப்பத்தொரு வயசு."

எத்தனையோ வருடம் அவருக்கு முன்னால் நின்று வாசித்திருக்கிறேன். தம்பி ஒருவர் இருந்தார் என்று எனக்குத் தெரியாது.

"விசில் அடிப்பாரோ, சேர்?"

"எங்கடை கரையிலை ஆர் அடிக்காதவன்? ஆனால் இவன் ஒரே ஒரு பாட்டுத்தான் அடிப்பான். மாதா கோயில் பாட்டு. அதுவும் நடுவிலை பிழைவிட்டுத்தான் அடிப்பான். மாஸ்டர் என்ன பாட்டெண்டு சொன்னவரோ?"

தாளைப் பார்த்தேன். விசில் என்று மட்டும்தான் எழுதியிருந்தேன்.

"நான் கேக்கேல்லை, சேர். நீங்களும் அண்டைக்கு அங்கை இருந்தனீங்கள். நீங்கள் கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார், பிள்ளை," என்றார் சேர்.

நான் ஓய்வுபெற்ற பிறகு முதலாவது கார்த்திகை வந்தது. அந்த நாள் காலையில், கோப்பாய் வீட்டில் பேப்பரை விரித்தேன். நான் இல்லாத பத்தியில் அந்த வரி இல்லை. கணினிக்கு அது தெரியாது. பக்கத்தைத் திருப்பினேன். நினைவஞ்சலிப் பக்கம். ஒரு பக்கம் போதாமல் அடுத்த பக்கத்துக்கும் போயிருந்தது. மீசை அரும்பிய பெடியன். வேட்டி கட்டிய நடுவயதுக்காரர். பள்ளிச் சீருடையில் ஒருவன். கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்த ஒரு முகம், தோளில் யாரோ வைத்த கை மட்டும் மிஞ்சியிருந்தது. ஊர் வேறு, வயது வேறு. சிலருக்கு ஆண்டும் வேறு. நாள் ஒன்று. கிளாலியில் தொலைந்த அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளையும் இருந்தான். அழகான பிள்ளை.

கீழ் மூலையில் படமில்லாத சிறிய பெட்டி ஒன்று. குருநகர். பெயர், வயது முப்பத்தொன்று, தேதி, ஆண்டு. அவ்வளவுதான். 'சுமார்' இல்லை.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. இப்போது பத்தியைச் செய்கிற பெண்.

"அக்கா, இண்டையான் நினைவஞ்சலிப் பக்கம் பாத்தனீங்களோ? ஒரே நாளிலை இவ்வளவு பேர். அண்டைக்கு என்ன நடந்தது? நான் நெட் முழுக்கத் தேடிப் பாத்திட்டன், ஒண்டும் இல்லை. எங்கையும் பெரிய குண்டு விழுந்ததோ?"

"இல்லை தங்கச்சி."

"அப்ப எத்தினை பேர் செத்தவை?"

"எனக்குத் தெரிஞ்சு ஒராள்."

"ஒராளோ?" என்றாள் அவள். தாள் புரளும் சத்தம் கேட்டது. அவள் எண்ணத் தொடங்கியிருந்தாள்.